கடப்பா கல் அலமாரியைத் துணி அலமாரியாக மாற்றுவது: அளவு, பலகை, மாட்டும் வேலை

கேள்வி இதுதான்: சென்னையில் பழைய சொந்த ஃபிளாட். படுக்கையறைச் சுவரில் 6 அடி அகலம், லாஃப்ட் வரை 7 அடி உயரம், ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பா கல் தட்டுகள் போட்ட அலமாரி. கணவன், மனைவி இருவர் துணியும் அதற்குள்தான். ஒன்றை இழுத்தால் மேலே இருப்பதும் சேர்ந்து சரிகிறது. உள்ளே ஹேங்கர் கம்பி, டிராயர் எல்லாம் வைத்து ஆர்கனைசர் மாதிரி செய்ய வேண்டும். ரெடிமேட் செட் வாங்கி மாட்டலாமா, ப்ளைவுட்டில் செய்யலாமா, எவ்வளவு வேலையை நாமே பார்க்கலாம், கதவு ஸ்லைடிங் போடலாமா?

பெரும்பாலான வேலையை நீங்களே செய்யலாம். கல்லை எடுப்பதற்கு ஒரு கொத்தனார் வேண்டும், பலகையை மெஷினில் அறுத்து வாங்க வேண்டும். மிச்சத்தை ஒரு ட்ரில்லிங் மெஷினும் ரசமட்டமும் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறில் மாட்டிவிடலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் அந்த ஒன்றரை அடி ஆழத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்கள் வேலையில் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பெரியவர்கள் சட்டை மாட்டும் ஹேங்கர் சாதாரணமாக 16, 17 இஞ்ச் அகலம் இருக்கும். சட்டை ஏறியதும் தோளும் கையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் பிதுங்கும். கம்பி இடமிருந்து வலமாக ஓடி, துணி வரிசையாகத் தொங்க வேண்டுமென்றால் உள்ளே சுத்தமாக 20 இஞ்ச் ஆழம் கண்டிப்பாக வேண்டும். 22 இருந்தால் தாராளம். நம் வீடுகளில் இருக்கும் ஸ்டீல் பீரோவின் வெளி ஆழமே ஏறக்குறைய 19 இஞ்ச்தான். அதனால்தான் பீரோவில் தொங்கும் சட்டையின் தோள்பட்டை கதவில் உரசி, மூடும்போது கை மடங்கிச் சுருங்கிப் போகிறது. ஐகியா என்ற மரச்சாமான் நிறுவனத்தின் பாக்ஸ் (PAX) வகை அலமாரிச் சட்டங்கள் 35 செ.மீ., 58 செ.மீ. என்று இரண்டு ஆழங்களில் வருகின்றன. குறுக்குக் கம்பியில் துணி தொங்கவிட 58 செ.மீ.தான், அதாவது கிட்டத்தட்ட 23 இஞ்ச். 35 செ.மீ. மடித்து வைக்கும் துணிக்குத்தான் சரி.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழி. கல் இருந்த இடத்தில் வைக்கும் புதிய ப்ளைவுட் பெட்டிகளைச் சுவர் மட்டத்துக்கு வெளியே ஐந்தரை இஞ்ச் வரை நீட்டிக்கொள்வது ஒன்று. அறைக் கதவு திறக்கும் வழியிலும் கட்டில் ஓரத்திலும் அந்த ஐந்தரை இஞ்ச் இடிக்காது என்றால் யோசிக்கவே வேண்டாம், இதையே செய்யுங்கள். இடம் இல்லையென்றால் ஆழத்தை 18-லேயே விட்டுவிட்டு, உள்ளிருந்து வெளியே இழுக்கும் கம்பி போடுவது இன்னொன்று. பெட்டியின் கூரையில் டிராயர் சேனல் போல அது மாட்டப்படும். இழுத்தால் துணிகள் முகம் பார்த்தபடி வெளியே வரும். 14 இஞ்ச் நீளக் கம்பியில் பத்துப் பன்னிரண்டு சட்டை கொள்ளும். தினமும் போடுவதற்குப் போதும், சேலைகளுக்குப் போதாது. கீழே நான் சொல்லும் கணக்கு முதல் வழிக்கானது.

அடுத்து துணியை அளக்க வேண்டும். அலமாரியின் அளவை எல்லோரும் எடுத்துவிடுவார்கள், துணியின் அளவை எடுப்பவர்கள் குறைவு. எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டி, தொங்க வேண்டியவை, மடிக்க வேண்டியவை என்று பிரியுங்கள். ஒரு சட்டைக்குக் கம்பியில் ஒரு இஞ்ச், சேலைக்கு ஒன்று முதல் ஒன்றரை இஞ்ச், கோட்டுக்கு இரண்டரை இஞ்ச் என்று போட்டுக் கூட்டினால் எத்தனை அடி கம்பி வேண்டும் என்பது தெரிந்துவிடும். உயரம் வேறு கணக்கு. சட்டைக்குக் கம்பி முதல் கீழ் ஓரம் வரை 38 இஞ்ச் போகும். பேன்ட்டை ஹேங்கரில் இரண்டாக மடித்துப் போட்டால் 28. குர்த்தி 44 முதல் 48 வரை. அனார்கலி, நீள கவுன் என்றால் 60 வரை போகும். கம்பிக்கு மேலே ஹேங்கரைத் தூக்கி எடுக்க இரண்டரை இஞ்ச் இடம் வேண்டும். இதை விட்டுவிட்டு மேல்பலகைக்கு ஒட்டிக் கம்பியை மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஹேங்கர் கொக்கி மாட்டிக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும்.

சேலைக்குக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு ஆர்கனைசர் படங்களில் சேலைக்கு இடமே இருக்காது. சேலையின் அகலம் 45 முதல் 47 இஞ்ச். ஐந்தரை மீட்டர் நீளத்தைக் கொசுவம் போல மடித்து ஹேங்கர் அகலத்துக்குக் கொண்டு வந்து, நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் 24 இஞ்ச் தொங்கும். ஹேங்கர் கழுத்தையும் சேர்த்து 28. ஆக, சேலைப் பகுதிக்கு 32 இஞ்ச் உயரம் இருந்தால் போதும். சட்டைக்குப் போல 40 கொடுத்து இடத்தை வீணாக்க வேண்டாம். காட்டன், ஷிஃபான், சிந்தெடிக் எல்லாம் தொங்கலாம். ஜரிகை கனமாக இருக்கும் பட்டைத் தொங்கவிடாதீர்கள். எடை முழுவதும் ஒரே மடிப்பில் இறங்கி, அந்த இடத்தில் ஜரிகை முறியும், பட்டும் நைந்து போகும். அதற்கு ஆழம் குறைந்த, அகலமான டிராயர்தான் சரி. வெள்ளைக் காட்டன் துணியில் சுற்றிப் படுக்க வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றிப் போட வேண்டும். டிராயர் இடுப்பு உயரத்தில் இருந்தால் அதைச் செய்வீர்கள். லாஃப்ட்டில் பெட்டிக்குள் போட்டால் கல்யாண சீசன் வரும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் 6 அடியைப் பிரிப்போம். 6 அடி என்பது 1829 மி.மீ. சுவர் எங்கேயும் ஒரே அளவாக இருக்காது. மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும், முன்னாலும் பின்னாலும் அளந்து மிகக் குறைந்த அளவை எடுங்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் பக்கச் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். பழைய ஃபிளாட்டுகளில் ஏழடி உயரத்துக்கு நான்கைந்து நூல் சாய்வு சர்வசாதாரணம். ஒரு நூல் சுமார் 3 மி.மீ. அதனால் 6 அடிக்கும் ஒரே பெட்டியாகச் செய்து உள்ளே திணிக்கப் பார்க்காதீர்கள். 600 மி.மீ. அகலத்தில் மூன்று தனித்தனிப் பெட்டி செய்தால் 1800 ஆகும். மிச்சம் வரும் 29 மி.மீ.யை இரண்டு ஓரங்களிலும் பட்டை வைத்து மூடிக்கொள்ளலாம். உயரம் 78 இஞ்ச், அதன் கீழே 4 இஞ்ச் பீடம், மேலே இரண்டு இஞ்ச் இடைவெளி.

முதல் பெட்டி சேலைக்கு. உள்ளே 76 இஞ்ச் சொச்சம் கிடைக்கும். மேலே 12 இஞ்சுக்கு ஒரு தட்டு, அதில் அடிக்கடி எடுக்காதவை. அதன் கீழே 32 இஞ்ச் சேலைப் பகுதி. கம்பி தரையிலிருந்து ஐந்தரை அடியில் வரும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கும் எக்காமல் எட்டும். மீதியில் மூன்று டிராயர்: மேலே பட்டு, அடுத்து ஜாக்கெட், அடுத்து உள்பாவாடை. அடியில் மிஞ்சும் 10 இஞ்ச் திறந்த தட்டு. இரண்டாவது பெட்டி ஆண்கள் துணிக்கு: மேலே சட்டைக் கம்பி, கீழே பேன்ட் கம்பி, நடுவில் பலகையே வேண்டாம். சட்டைக்கு 42, பேன்ட்டுக்கு 34 என்று அழகாக உட்காரும். மேல் கம்பி ஆறரை அடியில் வரும் என்பதால் எடுப்பவர் குள்ளமாக இருந்தால் இரண்டு கம்பியையும் மூன்று இஞ்ச் இறக்கிக்கொள்ளுங்கள். பேன்ட்டின் அடியில் கொஞ்சம் இடம் குறையும், அவ்வளவுதான். மூன்றாவது பெட்டியில் மேலே ஒரு தட்டு, நடுவில் குர்த்தி தொங்க 51 இஞ்ச், அடியில் வேட்டி, துண்டு, படுக்கை விரிப்புக்கு ஒரு தட்டு. மடித்த துணிக்குத் தட்டுகளின் இடைவெளி 12 இஞ்சைத் தாண்ட வேண்டாம். 18 இஞ்ச் விட்டால் அடுக்கு உயர்ந்து, நீங்கள் இப்போது படும் அதே சரிவுப் பிரச்சினை புது அலமாரியிலும் வந்து நிற்கும்.

பெட்டியை 600-க்கு மேல் அகலமாக்காததற்கு இன்னொரு காரணம் பலகை தொய்வது. ஒரே எடை அடர்த்தியில் பலகையின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். கனத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டில் ஒன்றாகக் குறையும். 18 மி.மீ. ப்ளை இரண்டடிக்கு அசையாது. மூன்றடி வரை சமாளிக்கும். பார்ட்டிக்கிள் போர்டு (மரச் சில்லை அழுத்திச் செய்த பலகை) என்றால் இரண்டடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்பிக்கும் இதேதான்: 25 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இரண்டடிக்குத் தாங்கு இல்லாமல் நிற்கும். ஐந்தாறு அடி ஓடினால் நடுவில் ஒரு பிராக்கெட் கட்டாயம்.

கல்லை எடுப்பதற்கு முன் லாஃப்ட்டைப் பாருங்கள். இது பாதுகாப்பு விஷயம், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். லாஃப்ட் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட்டாக இருந்தால் கவலை இல்லை. சில பழைய கட்டடங்களில் லாஃப்ட்டும் கடப்பா கல்லாகவே இருக்கும். நடுவில் செங்குத்தாக நிற்கும் கல்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் அந்த நடுக்கல்லைத் தொடவே கூடாது. அதன் இரண்டு பக்கமும் பெட்டி வைப்பது போல அளவைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் லாஃப்ட்டின் அடிப்பக்கத்தில் ஓரமாகப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டினால் கல்லின் கறுப்பு நிறம் தெரியுமா, சிமென்ட் தெரியுமா என்று பார்த்துவிடலாம். குறுக்குக் கற்கள் சுவரில் இரண்டு, மூன்று இஞ்ச் புதைந்திருக்கும். சுத்தியலால் அடித்துப் பிடுங்கினால் பக்கத்து அறைப் பூச்சு விழும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் சண்டையும் வரும். கட்டிங் மெஷின் வைத்துச் சுவர் ஓரமாக அறுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது கல்லுக்குக் கீழே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும், அது நினைப்பதைவிடக் கனம்.

கடப்பா கல்லை நான் குறை சொல்ல மாட்டேன். கரையான் தொடாது, தண்ணீர் பட்டால் உப்பாது, நல்ல எடை தாங்கும். பாத்திரமும் புத்தகமும் வைக்க அதைப் போல ஒன்று கிடையாது. துணிக்கு மட்டும்தான் அதன் நிரந்தர உயரம் ஒத்துவரவில்லை. எடுத்த கற்களைத் தூக்கிப் போடாதீர்கள், பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ தட்டாகப் பயன்படும்.

கல் எடுத்ததும் சுவர் ஈரத்தைச் சோதியுங்கள். ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் பாத்ரூம் இருந்தாலோ, அது மழை அடிக்கும் வெளிச்சுவராக இருந்தாலோ இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். ஈரத்தின் மேல் எவ்வளவு நல்ல மரம் வைத்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே பூஞ்சை வாடை வந்தே தீரும். முதலில் பாத்ரூம் பக்கத்து ஓட்டை அடைக்கப்பட வேண்டும், அப்புறம்தான் அலமாரி. அறுத்த கல் ஓரங்களைப் பூசி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்து, குறைந்தது ஒரு வாரம் காயவிடுங்கள். கரையான் தடம் தெரிந்தால் இந்தச் சமயத்திலேயே மருந்து அடித்துவிட வேண்டும்.

பலகைக்கு வருவோம். ப்ளைவுட்டில் இந்தியத் தர எண்கள் இரண்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஐ.எஸ். 303 என்பது சாதாரணப் பயன்பாட்டுக்கு, அதிலேயே எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு வகை, இரண்டாவது தண்ணீரைக் கூடுதலாகத் தாங்கும். ஐ.எஸ். 710 என்பது மெரைன் எனப்படும் பி.டபிள்யூ.பி., கொதிநீரிலும் பசை விடாத வகை. கடையில் எல்லாவற்றையும் 710-ல் வாங்கச் சொல்வார்கள். படுக்கையறை அலமாரிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. பெட்டிக்கு 303 பி.டபிள்யூ.ஆர். போதும், தரையைத் தொடும் பீடத்துக்கு மட்டும் 710 வாங்குங்கள். நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம். அலமாரி எப்போதும் உப்பத் தொடங்குவது மாப் தண்ணீர் படும் அந்த அடி ஓரத்தில்தான். ஷீட்டின் மேல் எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகி இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பி வாங்க வேண்டாம்.

ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 × 1220 மி.மீ. பெட்டியின் ஆழத்தை 560 மி.மீ. என்று வைத்தால் ஒரு ஷீட்டில் இரண்டு நீளப் பட்டை வந்து, ரம்பம் தின்பது போக சுமார் 95 மி.மீ. மிஞ்சும். 18 மி.மீ. ஷீட் 7, டிராயருக்கு 12 மி.மீ. ஒன்று, பின்பலகைக்கும் டிராயர் அடிக்கும் 6 மி.மீ. இரண்டு, பீடத்துக்கு 710-ல் ஒரு துண்டு. இதுதான் உங்கள் மொத்தக் கணக்கு. யாராவது பன்னிரண்டு ஷீட் என்று எஸ்டிமேட் கொடுத்தால் அறுக்கும் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். மைக்கா உள்பக்கம் 0.8 மி.மீ. வெள்ளை, வெளியே 1 மி.மீ. உள்ளே வெள்ளை போட்டால்தான் இருட்டில் கறுப்பு பேன்ட்டும் நீல பேன்ட்டும் பிரித்துத் தெரியும். ஷட்டருக்கு, அதாவது அலமாரிக் கதவுக்கு, இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஒரே வருடத்தில் பலகை வில்லாக வளைந்து, கதவு மூலையில் ஒட்டாமல் நிற்கும்.

அறுப்பதையும் ஓரத்தில் பி.வி.சி. பட்டை ஒட்டுவதையும் மெஷின் வைத்திருக்கும் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். சென்னையில் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் ப்ளைவுட், ஹார்ட்வேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே விசாரித்தாலே பட்டறை கிடைக்கும். பட்டியலை மி.மீ.யில் எழுதிக் கொடுங்கள். இஞ்சில் எழுதினால் காலே அரைக்கால் என்று வந்து ஆளுக்கு ஒன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம் டிராயர். டெலஸ்கோப்பிக் சேனல் (டிராயர் ஓடும் இரும்புத் தடம்) ஒரு பக்கத்துக்கு 13 மி.மீ. கேட்கும். ஆகவே டிராயரின் வெளி அகலம், உள் அகலத்தைவிட 26 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இது: உங்கள் டிராயர் ஷட்டருக்கு உள்ளே இருக்கிறது. ஷட்டரைத் திறந்தாலும் கீலும், கதவின் ஓரமும் வாசலுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் நிற்கும். டிராயரை நேராகப் பக்கப் பலகையில் மாட்டினால் வெளியே இழுக்கும்போது போய்க் கீலில் முட்டும். இதைத் தவிர்க்க இரண்டு பக்கமும் 25 மி.மீ. பேக்கிங் கட்டை அடித்து, அதன் மேல் சேனல் மாட்ட வேண்டும். உங்கள் கணக்கில்: பெட்டி 600, பக்கப் பலகைகள் 36 போக உள்ளே 564. பேக்கிங் 50 போக 514. சேனல் 26 போக டிராயர் 488. ஒரு மி.மீ. குறைந்து 487 ஆனால் வாஷர் வைத்துச் சரிசெய்யலாம், 490 ஆகிவிட்டால் டிராயர் உள்ளே போகவே போகாது. சேனல் 20 இஞ்ச் வாங்குங்கள், உள் ஆழம் 554-க்கு அது சரியாக உட்காரும்.

தட்டுகளை மேலே கீழே மாற்றிக்கொள்ளும்படி வைக்க நினைத்தால், பக்கப் பலகையில் முன் ஓரத்திலிருந்து 37 மி.மீ. தள்ளி, 32 மி.மீ.க்கு ஒன்றாக 5 மி.மீ. துளை போடச் சொல்லுங்கள். இது ஐரோப்பியப் பட்டறைகளில் இருந்து வந்து உலகம் முழுதும் நிலைத்துவிட்ட அளவு. இந்த வரிசையில் துளை இருந்தால் தட்டு ஊசி, கீல் தகடு, சேனல், இழுக்கும் கூடை எதை எப்போது வாங்கினாலும் பொருந்தும். குழந்தைகள் வந்து துணி அளவு மாறும்போது இதன் அருமை தெரியும்.

மாட்டும் வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் பீடம். தரையின் உயர்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ரசமட்டம் பிடித்து, தாழ்ந்த பக்கம் பிளாஸ்டிக் தகடு சொருகி நிமிர்த்துங்கள். மரச் சில்லு சொருகினால் ஈரத்தில் நைந்து ஒரு பக்கம் இறங்கும். பீடம் மட்டமாக இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெட்டிகளைத் தரையில் படுக்க வைத்துச் சேர்ப்பதுதான் சுலபம். திருகு ஏற்றும் முன் 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போடாமல் ப்ளையின் ஓரத்தில் திருகு ஏற்றாதீர்கள், அடுக்கு பிளந்துவிடும். 2 இஞ்ச் திருகும் ஃபெவிகாலும் போதும். சேர்த்ததும் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்த்து, அப்புறம்தான் பின்பலகையை அடிக்க வேண்டும். பின்பலகை அடித்துவிட்டால் கோணல் அப்படியே நின்றுவிடும். நிமிர்த்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1980 உயரமும் 560 ஆழமும் உள்ள பெட்டியின் குறுக்களவு ஏறக்குறைய 2058 மி.மீ. படுத்த பெட்டி எழும்பும்போது அந்த உயரத்தைத் தொட்டுத்தான் நிமிரும். மேலே ஃபேன், சீலிங் லைட், லாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எதுவும் வழியில் இல்லாத இடத்தில், அறைக்கு நடுவே நிமிர்த்தி, அப்படியே பீடத்தின் மேல் ஏற்றித் தள்ளுங்கள். சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவில் முக்கால் இஞ்ச் காற்று போக விடுங்கள்.

பெட்டியின் எடை முழுதும் பீடம் வழியாகத் தரையில்தான் இறங்க வேண்டும். சுவர், பெட்டி முன்னால் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும். ஆனால் அந்தப் பிடிமானத்தை விட்டுவிடாதீர்கள். 2016-ல் ஐகியா அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் பீரோக்களைத் திரும்பப் பெற்றது. சுவரில் பிணைக்காத பீரோ கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். டிராயர்களை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு குழந்தை ஏறினால், சுவரில் பிணைக்காத எந்த அலமாரியும் சாயலாம். பெட்டியின் உள்ளே பின்பக்கம் மேலே 4 இஞ்ச் அகலத்தில் 18 மி.மீ. பட்டை ஒன்று அடித்து, அதன் வழியாகப் பெட்டிக்கு இரண்டு திருகு சுவரில் ஏற்றுங்கள். 6 மி.மீ. பின்பலகை மட்டும் திருகைப் பிடிக்காது. செங்கல் சுவருக்கு 8 மி.மீ. துளை போட்டு நல்ல நைலான் ராவல் பிளக் (துளைக்குள் திருகைப் பிடிக்கும் உறை) போதும். துளை செங்கலில் இருக்க வேண்டும். கலவை இணைப்பில் விழுந்தால் பிடிக்காது. புதுக் கட்டடங்களில் வரும் ஏ.ஏ.சி. எனப்படும், காற்றுக்குமிழி நிறைந்த லேசான வெள்ளைக் கல் சுவருக்கு அதற்கென்று நீள பிளக் தனியாக விற்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். திருகை இறுக்கும் முன் சுவருக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பெட்டி பின்னால் இழுபட்டுக் கோணலாகும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள், ஒயர் பைப் அங்கேதான் ஓடும். பாத்ரூம் குழாய்க்கும் அதே விதி.

மூன்று பெட்டியும் நின்றதும் முன் ஓரங்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்து, கிளாம்ப் போட்டு, பக்கத்துப் பக்கப் பலகைகளை 30 மி.மீ. திருகால் ஒன்றோடொன்று பிணையுங்கள். அப்புறம் ஓரப் பட்டைகள், கம்பிகள், டிராயர்கள். ஷட்டர் கடைசி. ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாகப் பக்கப் பலகை இருப்பதால் எல்லாமே ஜீரோ கிராங்க் கீல்தான் (கதவு பக்கப் பலகையின் ஓரத்தை முழுதும் மூடும் வகை), கடையில் இப்படியே கேளுங்கள். ஆறரை அடி ஷட்டருக்கு நான்கு கீல். மூன்றில் நிறுத்தினால் நாளடைவில் கதவு தலையைச் சாய்க்கும். ஷட்டர்களுக்கு இடையே ஒரு நூல் இடைவெளி விட்டு, கீலில் இருக்கும் மூன்று திருகுகளைத் திருப்பி வரிசையைச் சரிசெய்யுங்கள். அடுத்த மாதம் எடை ஏறியதும் ஒரு முறை திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்; அது கோளாறு இல்லை.

புது ப்ளை, பசை வாடை போக பத்து நாள் கதவைத் திறந்தே விட்டுவிட்டு அப்புறம் துணியை வையுங்கள். மழைக்காலத்தில் வெயில் வரும் மதியங்களில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் பூஞ்சை வருவது குறையும். பாச்சை உருண்டையைத் துணிப் பையில் கட்டி மூலையில் போடுங்கள், பட்டின் மேலோ ஜரிகையின் மேலோ நேராகப் படக் கூடாது. காய்ந்த வேப்பிலையே போதும் என்று விரும்பினால் அதையும் பையில் கட்டித்தான் போட வேண்டும், பொடி துணியில் ஒட்டும்.

ரெடிமேட் செட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுவரில் செங்குத்துப் பட்டை அடித்து பிராக்கெட்டில் தட்டும் கம்பியும் மாட்டும் வகை வாடகை வீட்டுக்கு நல்லது, கழற்றிக்கொண்டு போகலாம். அதில் முழு எடையும் சுவர் திருகில் தொங்கும். உங்கள் சுவரில் கல் எடுத்த காயங்கள் இருக்கும்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பி வலைத் தட்டுகள் காற்றோட்டத்துக்கு நல்லவைதான், ஆனால் மெல்லிய காட்டன் சேலையில் கம்பித் தடம் விழும். துணியால் செய்த தொங்கும் அடுக்குப் பைகள் சில மாதத்தில் அடி தொங்கிப் போகும், குழந்தைத் துணிக்கு மட்டும் வாங்குங்கள். இழுக்கும் பேன்ட் ரேக், டை ரேக் போன்றவை செலவுக்கு ஏற்ற இடத்தைத் தராது. அந்தக் காசில் நல்ல சேனலும் சாஃப்ட் குளோஸ் கீலும் வாங்கலாம்.

ஸ்லைடிங் கதவு உங்களுக்கு வேண்டாம். இரண்டு கதவும் ஒன்றன் முன் ஒன்றாக ஓட மூன்று இஞ்சுக்கு மேல் ஆழத்தைத் தின்றுவிடும்; ஆழத்துக்குத்தான் நாம் இவ்வளவு பாடுபடுகிறோம். தவிர எப்போது திறந்தாலும் பாதிதான் தெரியும். கதவு முழுதும் ஒதுங்காமல் நின்றால் முதல் பெட்டியின் டிராயர் வெளியே வராது. கீல் போட்ட ஷட்டர் ஒவ்வொன்றும் ஓரடி அகலம்தான், திறக்கக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டரை அடி இருந்தால் தாராளம். அந்த இரண்டரை அடி இல்லையென்றால் ஷட்டரைச் சுருக்குவதைவிடக் கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள்.